பதினோரு கோடுகள்

அத்தியாயம் பதினேழு

காலை ஆறரை மணிக்கு, எழில்மொழி நீல பால்பாயிண்ட் பேனாவோடு அப்பாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

பரசுராமன் வலது காலை நீட்டிக் கொடுத்தார். பத்தொன்பது நாளாக அந்த வியாசர்பாடி வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது. சதை செத்த கறுப்பு எதுவரை வந்திருக்கிறதோ அதுவரை தோலின்மேல் ஒரு கோடு, கோட்டோரம் பொடி எழுத்தில் தேதி. கால்விரலை எடுக்க ஒப்பமாட்டேன் என்று சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் பெரியாஸ்பத்திரியைவிட்டு வெளியே வந்த அன்று, ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்த முறை அது.

முதல் எட்டு நாளும் கறுப்பு இரண்டு விரலோடு நின்றது. எட்டுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே தடித்த கோடாகிவிட்டது. அதற்கு அப்புறம் ஏற ஆரம்பித்தது. புறங்கால் போயிற்று, கணுக்கால் போயிற்று. இன்று பேனா கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடை தாண்டி நின்றது. கோட்டுக்குக் கீழே கால் ஜில்லென்று இருந்தது. மேலே சுட்டது.

"இன்னா, ஏறிகீதா?"

"கொஞ்சம் நைனா."

"கொஞ்சம்னா எவ்ளோ? அளந்து சொல்லு."

"நேத்துக்கு ரெண்டு விரக்கட."

"பரவால்ல. பந்து வந்துச்சின்னா மொத்தத்தையும் தொடச்சிகினு போயிடும்."

எழில் தலை நிமிராமல் பேனா மூடியைப் போட்டாள்.

பந்து என்று அவர் சொல்வது எதை என்று போன சில வாரங்களாகப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. பரசுராமன் இருபத்திரண்டு வருஷம் எண்ணூர் பவர் ஹவுசில் காண்டிராக்ட் ஆளாக கண்டென்சர் கழுவினவர். நீராவியைக் குளிரவைக்கிற பெரிய தொட்டி அது. உள்ளே பன்னிரண்டாயிரம் பித்தளைக் குழாய்கள், அவற்றுக்குள் ஓடுவது கடல் தண்ணீர். சேறும் சிப்பிக்குஞ்சும் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அதைத் துடைக்கத் தண்ணீரோடு ஸ்பாஞ்ச் பந்துகளை விடுவார்கள். பந்து குழாயைவிட ஒரு நூல் பெரிது. தண்ணீர் தள்ளத் தள்ள உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைந்து, சுவரைத் தேய்த்துக்கொண்டே போய் மறுபக்கத்து வலையில் விழும். வலையில் விழுந்ததை எண்ணுவது பரசுராமனின் வேலை. விட்ட எண்ணிக்கை வந்து சேராமல் அவர் ஷிப்ட் முடித்ததில்லை.

பீடி அவருடைய கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைத்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன சமயத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் அந்தச் செய்தி வந்தது. ரவையைவிடச் சின்ன ரோபோ. கூழ் மாதிரி மிருதுவானது. வெளியே காந்தத்தைத் திருப்பினால் உள்ளே நீந்தும். அகலமான இடத்தில் இலைபோல விரியும், குறுகலான இடம் வந்தால் நூலாகச் சுருண்டு நுழையும். ஒருநாள் ரத்தக்குழாய் அடைப்புகளை இதுவே நீக்கும். எழில் அதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"அட, நம்ம பந்துடி இது," என்றார் பரசுராமன். படுக்கையைவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஒன்றரை மாதத்தில் அவர் தானாக எழுந்து உட்கார்ந்தது அன்றுதான்.

கடைசிப் பத்தி ஒன்று பாக்கி இருந்தது. இவை இன்னும் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடித் தட்டைத் தாண்டவில்லை என்று தொடங்கும் பத்தி. எழில் அவர் முகத்தைப் பார்த்தாள். தாளை மடித்துவிட்டாள்.

அந்த வீட்டுச் சுவரில் புத்தர் படம் ஒன்றுதான் உண்டு. பரசுராமன் எந்தச் சாமிக்கும் எதற்காகவும் நேர்ந்துகொண்டவரில்லை. அப்படிப்பட்டவர் அந்தச் செய்தித்தாள் நறுக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பது அவர் மனைவி மலர்க்கொடிக்கே புதுசாக இருந்தது.

அதோடு விட்டாரா? தரமணிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்திலும் இதே வேலை நடப்பதாகச் செய்தியில் இருந்தது. அவர்களுக்கு எழுது என்று மகளை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். "உள்ள வுட்டது எங்க வந்து வுயும்? வலை எங்க கட்டுவீங்கோ? எண்ணிக்க கொறஞ்சா இன்னா பண்ணுவீங்கோ? இந்த மூணையும் கேளு." எழில் பகலில் ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் டைப் அடிக்கிறாள், மாலையில் கல்லூரி. இரண்டுக்கும் நடுவே கிடைத்த அரைமணியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த மூன்று கேள்வியையும் அனுப்பினாள்.

பதில் வந்தது. கோடு போட ஆரம்பித்த எட்டாவது நாள் மாலை வந்தது. அச்சடித்து நாலாக மடித்து அக்கவுண்டன்சி புத்தகத்துக்குள் வைத்தாள். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

"எழிலு," என்று மலர்க்கொடி உள்ளேயிருந்து வந்தாள். புருஷன் கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். "இன்னாடி கோடு போட்டுகினு ஒக்காந்துகீற? ஒடம்பு கொதிக்கிது, பல்லு கிட்டிகினு வருது. ஓடிப்போயி ஆட்டோ இட்டா."

"ஆஸ்பத்திரிக்கா? நான் வர்ல," என்றார் பரசுராமன்.

"உன்ன யாரு கேட்டா?"

ஆட்டோ பேசின் பிரிட்ஜ் பாலத்தின்மேல் ஏறும்போது, அவர் தலை மகளின் தோளில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. "பகலவனுக்குப் போன் போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"அண்ணன் லோடோட ஓசூர் தாண்டிடுச்சாம் நைனா. திரும்ப நாளைக்கி ஆவும்."

"அவன பேஜார் பண்ணாத."

புத்தகப் பை எழிலின் மடியில் இருந்தது. இன்றைக்கு வகுப்புக்குப் போகப்போவதில்லை என்று தெரிந்தும் ஏன் எடுத்துவந்தோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

*

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். போர்வையை விலக்கினார். குனிந்து, தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"யார் போட்டது இது?"

"எம் பொண்ணு," என்றார் பரசுராமன். காய்ச்சலிலும் குரலில் ஒரு பெருமை.

"நல்லாப் போட்டிருக்கே. இவ்வளவு ஒழுங்கா நான் யாருகிட்டயும் பார்த்ததில்ல."

எழில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா எதையும் பூசி மெழுகவில்லை. காலில் செத்துப்போன சதையிலிருந்து நஞ்சு ரத்தத்தில் கலக்க ஆரம்பித்துவிட்டது. காலை எடுத்தாக வேண்டும். மூன்று மணிக்குள் கையெழுத்துப் போட்டால் நாலு மணிக்குத் தியேட்டர் கிடைக்கும். "நாளைக்குன்னா நான் வாக்குக் குடுக்கமாட்டேன். காலுக்கு இல்ல, ஆளுக்கு."

"டாக்டரம்மா, கொஞ்ச நாளு தாக்குப்புடிக்கிற மாறி ஊசி இருந்தா போடுங்கோ," என்றார் பரசுராமன். "பந்து வந்துகினு கீது."

"என்ன பந்து?"

"எம் பொண்ணு லெட்டரு போட்டுகீது. பதிலு வரட்டும். வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

டாக்டரம்மா எழிலைப் பார்த்தார். எழில் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முழங்காலுக்குக் கீழேயே நிறுத்தத்தான் பார்ப்பேன். முட்டி தப்பிச்சா செயற்கைக் கால் போட்டு நடந்துடுவார். ஆனா எங்க நல்ல ரத்தம் வருதுன்னு மேஜையிலதான் தெரியும். அந்தத் தடிச்ச கோடு வரைக்கும் இருந்தப்பவே வந்திருந்தா ரெண்டு விரலோட..." பாதியில் நிறுத்தினார். "சரி, அதை இப்ப பேசி என்ன. அவரை நீங்கதான் சம்மதிக்க வைக்கணும்."

மலர்க்கொடி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தடித்த கோடு எந்தத் தேதியில் முடிகிறது என்று எழிலைவிட யாருக்குத் தெரியும்?

மணி பன்னிரண்டேகால்.

மலர்க்கொடி கெஞ்சிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். "பந்தாம் பந்து. எந்தக் கடயில விக்கிதாம்?" என்றாள். பரசுராமன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒன்றரைக்குக் காஜா மொய்தீன் வந்தார். தண்டையார்பேட்டைக்காரர். அதே வலையில் அப்பாவோடு பந்து எண்ணியவர். கையில் பிளாஸ்க்கும் பன்னும்.

"இன்னா மாமு, ஓவர்டைம் படுத்துகினு கீற?"

"வா பாய். உனுக்கு இன்னிக்கி லீவா?"

"காண்டிராக்ட்காரனுக்கு ஏது லீவு? ஆப்சென்ட்டு." காஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். பிளாஸ்க் மூடியைத் திறக்க அவருக்கு நேரமாயிற்று. "அந்தக் குட்டிப் பந்து வந்துச்சின்னா நம்மள வேலைக்கி வெச்சிக்குவானா?"

"பின்ன? எண்றதுக்கு ஆள் வாணாவா?"

"ரவயவிட சின்னதாமே. எனுக்குக் கண்ணு தெரியாது மாமு. நீ எண்ணு, நான் கையெழுத்துப் போடறேன்."

பரசுராமன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நடுக்கமாயிற்று. மலர்க்கொடி போர்வையை இழுத்து விட்டாள்.

எழில் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்து தாளைப் பிரித்தாள், மடித்தாள், மறுபடியும் பிரித்தாள். டாக்டரம்மாவிடம் கொடுத்து அவரையே படிக்கச் சொல்லலாமா? இன்று காலைதான் வந்தது என்று சொல்லலாமா? அச்சில் மூலையில் தேதி இருந்தது. அதைக் கிழித்துவிட்டால் தீர்ந்தது. கிழிக்க நகம்கூட வைத்தாள். அப்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு பொய்யை மூட இன்னொன்று. இதற்கு முடிவு எந்தக் கோட்டில்?

மணி இரண்டு இருபது. எழுந்தாள்.

"நைனா, பதிலு வந்துகீது."

பரசுராமன் தலையைத் தூக்கினார். "நான் சொன்னனா இல்லயா? படி, படி."

அவள் படித்தாள்.

'மதிப்பிற்குரிய பரசுராமன் ஐயா அவர்களுக்கு, உங்கள் கடிதத்தை எங்கள் குழுவில் எல்லோரும் படித்தோம். எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். நாங்கள் செய்பவை இப்போதைக்குக் கண்ணாடித் தட்டில் ஊற்றிய சர்க்கரைப் பாகில்தான் நீந்துகின்றன. பாகு அசையாமல் இருக்கும். ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளும். அந்தத் தள்ளுதலை எதிர்த்து நிற்க இவற்றுக்கு இன்னும் தெரியாது. ஓர் எலிக்குக்கூட நாங்கள் இதைச் செலுத்திப் பார்த்ததில்லை. மனிதருக்கு வர இன்னும் பத்து வருடமோ இருபது வருடமோ ஆகலாம், வராமலும் போகலாம். தயவுசெய்து இதை நம்பி உங்கள் டாக்டர் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.'

அவள் நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

'நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் எங்களிடம் பதில் இல்லை. உள்ளே அனுப்புவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். வெளியே எடுப்பதைப் பற்றி உங்களுக்கு முன் யாரும் எங்களைக் கேட்கவில்லை. உங்கள் கேள்விகளை எங்கள் பலகையில் எழுதிவைத்திருக்கிறோம். அழிக்கவில்லை. இப்படிக்கு, மாயா, ஆய்வு மாணவி.'

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை இங்கே வரை வந்தது.

"எப்ப வந்துச்சி?" என்றார் பரசுராமன்.

எழிலின் கட்டைவிரல் தாளின் மூலையில் இருந்தது. விரலை எடுத்தாள்.

"பதினோரு நாள் ஆச்சி நைனா."

மலர்க்கொடி சட்டென்று எழுந்தாள். கை ஓங்கியது. ஓங்கிய கையோடு அப்படியே நின்று, பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொயந்த பயந்துகினு இருந்துகீது மாமு," என்றார் காஜா.

"நீ கம்முனு இரு பாய்." பரசுராமன் போர்வையை விலக்கினார். "அன்னிக்கிப் போட்ட கோடு எது? காட்டு."

விரல்களின் அடியிலிருந்த தடித்த கோட்டை எழில் தொட்டுக் காட்டினாள்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு சுட்டுவிரலை நீட்டி, ஒவ்வொரு கோடாக மேலே ஏறி வந்தார். வலையருகே குந்தி ஈரப் பந்துகளை எண்ணின அதே விரல்தான். உதடு அசைந்தது. காலையில் போட்ட கோட்டில் வந்து நின்றது.

"பதினொண்ணு," என்றார். "எண்ணிக்க சரியா கீது."

எழில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ எய்ந்து ஒக்காந்த நைனா. ஒன்றர மாசம் கய்ச்சி எய்ந்து ஒக்காந்த. அத்தக் கெடுக்க எனுக்கு மனசு வர்ல."

அவர் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி இரண்டே முக்கால் ஆயிற்று. நர்ஸ் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"பாய்."

"சொல்லு மாமு."

"டியூபு ஓட்ட வுட்டா இன்னா பண்ணுவோம்?"

காஜா பிளாஸ்க்கைத் திருகி மூடினார். மூடினதையே மறுபடி திருகினார்.

"கேக்கிறனே."

"தக்க அடிச்சி மூடிடுவோம். ரெண்டு பக்கமும்."

"ஏன்?"

"பாய்லரு தண்ணில உப்புத்தண்ணி கலந்துடும்ல."

"கலந்தா?"

"பாய்லரு பூடும்." காஜா பிளாஸ்க்கைத் தரையில் வைத்தார். "எதுக்கு மாமு இதெல்லாம்?"

"பன்னெண்டாயிரத்துல நாம எத்தினி தக்க அடிச்சிருப்போம்?"

"எரநூறு இருக்கும்."

"மெஷினு ஓடிச்சில்ல?"

"ஓடிச்சி," என்றார் காஜா. அதற்குமேல் உட்காரமுடியாமல் எழுந்து ஜன்னலோரம் போய், தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எழிலு, கையெழுத்துப் போடற அந்தப் பேப்பர வாங்கியா."

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பரசுராமன் தன் பெயரை எழுதினார். அந்த நீலப் பேனாவால்தான். எழுதி முடித்ததும் பேனாவை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு மாயாவுக்கு எய்து. வலைய மொதல்ல கட்டணும், அப்பாலதான் பந்த வுடணும்னு எய்து. எங்க கட்டணும்னு யோசிச்சி வெக்கிறேன், வந்து பாக்கச் சொல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இன்னிக்கே எய்து. மடிச்சி வெச்சிக்காத."

அன்றைக்கு அவர் அவளைக் கடிந்து சொன்னது அந்த ஒரு சொல்தான்.

*

தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் வந்து ஸ்பிரிட் பஞ்சால் காலைத் துடைத்தாள். நீல மை கரைந்து ஓடியது. பதினோரு நாளும் கலந்து பஞ்சு நீலமாயிற்று. தடித்த கோடு மட்டும் சுலபத்தில் போகவில்லை. நர்ஸ் இரண்டு பஞ்சு மாற்றினாள்.

டிராலி நகரும்போது பரசுராமன் மனைவியைப் பார்த்து, "பன்னு துன்னுட்டு ஒக்காரு. காலைலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல," என்றார்.

நாலு மணிக்குக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பன்னை யாரும் தொடவில்லை. மலர்க்கொடி மகளுக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனால் எழில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது நகரவும் இல்லை. எழில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு மாயாவுக்கு எழுத ஆரம்பித்தாள். இரண்டு தடவை அடித்தாள். 'எங்கள் அப்பாவுக்கு இன்று' என்று மூன்றாவது தடவை எழுதி, அதற்குமேல் போகாமல் நின்றாள்.

நாலே முக்காலுக்குத் தியேட்டர் கதவு திறந்தது. இவ்வளவு சீக்கிரம் திறக்கக்கூடாது என்று அவள் மனசு சொல்லிற்று. பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ், கையில் ஒரு தாள்.

"பரசுராமனோட ஆளுங்க யாரு?"

மூன்று பேரும் எழுந்தார்கள்.

"டாக்டர் இன்னொரு கையெழுத்து கேக்கறாங்க. படிச்சுப் பார்த்துப் போடுங்க. உள்ள காத்திருக்காங்க, சீக்கிரம்."

தாளை எழில் வாங்கினாள். முதல் வரியிலேயே அவள் கண் நின்றுவிட்டது.

"இன்னாடி எய்திகீது?" என்றாள் மலர்க்கொடி. கடிதத்தைக் கேட்ட பிறகு மகளிடம் அவள் நேராகப் பேசியது இப்போதுதான். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "எழிலு. முட்டிக்கு மேலயா? சொல்லுடி."

எழிலின் விரல்கள் பழக்கத்தில் தாளின் இரண்டு ஓரத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்துவிட்டன. அவள் அதைப் பார்த்தாள். பிரித்து, உள்ளங்கையால் நீவி விட்டாள். அம்மாவின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

பிறகு முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். கடைசிப் பத்தி வரை.